சொப்பு சமைத்த கதை

நாவல் எழுதுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு வாரத்துக்கு ஒருவராவது என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பெரும்பாலும் சைக்கிளில் வருகிறார்கள். சட்டைப்பையில் பேனா, கக்கத்தில் நோட்டு. "ஒரே ஒரு யோசனை சொல்லுங்க சார், போதும்" என்கிறார்கள். ஒரே ஒரு யோசனையை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் எழுதிவிடலாம் என்று நம்புகிற மனுஷனை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? காபி கொடுத்து, "தினமும் எழுதுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்களும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது யோசனை அல்ல, முதல் அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கும்போது எழுந்து ஓடாத ஓர் ஆள். அந்த வேலைக்கு நான் லாயக்கானவன். முழங்கால் வலி இருப்பதால் சட்டென்று எழுந்திருக்க முடியாது.

போன வாரம் வந்தவர் மட்டும் லேசில் கிளம்பவில்லை. "நீங்க பண்ணின தப்பையாவது சொல்லுங்களேன்" என்றார். கெட்டிக்காரர். தப்புக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. ஆனாலும் அவரிடம் வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. ஏதோ மழுப்பி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். என் முதல் நாவல் எனக்கு ஒரு பெயரை வாங்கிக் கொடுத்தது. கூடவே, என்னை வளர்த்த அக்காவின் முகத்தில் இனிமேல் விழிக்க முடியாதோ என்று நான் நடுங்கும்படியும் செய்தது.

அப்போது எங்கள் வீடு பெங்களூர் மர்பி டவுனில் இருந்தது. வீட்டில் மூன்றே பேர். அக்கா, அக்காவின் புருஷன், நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அக்கா கல்யாணமாகி வரும்போது பன்னிரண்டு வயசான என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கிற பட்டறையில் அவர் மேஸ்திரி. இது யார் என்று யாராவது என்னைக் காட்டிக் கேட்டால், "சீர்வரிசையில ஒரு அண்டாவும் இவனும் வந்தாங்க. அண்டா ஒழுகுது, இவன் இன்னும் ஒழுகல" என்பார். என்னைப் படிக்கவைத்ததும், பட்டாள ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சொல்லிவைத்ததும் அவர்தான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியது கிடையாது.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை. அதைப்பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அக்கா பேசமாட்டாள், மாமா பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். நான் பேசாமல் இருப்பது மரியாதை, நாகரிகம் என்றெல்லாம் என்னைப்பற்றி எனக்கே ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இருபத்துநாலு வயசில் எனக்கு நாவல் பித்து பிடித்தது. யாரிடம் போய்க் கேட்பது? மதராஸிலிருந்து தபாலில் ஒரு சின்னப் புத்தகம் வரவழைத்தேன். நாவலாசிரியராக விரும்புகிறவர்களுக்கு நாற்பது விதிகள் அதில் இருந்தன. கதாநாயகி முதன்முதலில் ஒரு நீர்நிலையருகே தோன்ற வேண்டும். அப்போது நிலா காய வேண்டும். அத்தியாயம் முடியும் இடத்தில் யாராவது 'ஆ!' என்று அலற வேண்டும். இப்படி வரிசையாகப் போகும். எழுதியவர் ஒரு நாவலாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது, சைக்கிளில் வருகிறவர்களே. என்னிடம் நீங்கள் கேட்டதில்லையே.

நீர்நிலைக்கு நான் எங்கே போவேன்? கடலை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். எங்களுக்கு வாய்த்தது அல்சூர் ஏரி. சரி என்று கதாநாயகியை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தி, மேலே ஒரு நிலாவையும் போட்டு, கடைசி வரியில் அலறவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அக்காவுக்குத் தமிழ் படிப்பு. ஆனால் கேட்கிற காது ரொம்பக் கூர்மை.

"அந்த ஏரிக்கரையில போய் எதுக்குடா நிக்கறா?" என்றாள்.

"நிலா பாக்கறதுக்குக்கா."

"அங்க கொசு பிச்சுத் தின்னுமே. எருமை வேற கட்டியிருப்பாங்க. மாமியார்க்காரி ஒண்ணும் கேக்க மாட்டாளா?"

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"கல்யாணம் ஆகாத பொண்ணு பொழுது சாஞ்ச பொறகு ஒண்டியா ஏரிக்கரையில நிக்கறாளா? நல்லா எழுதினே போ! சரி, ஏன் கத்தறா?"

"அது அடுத்த அத்தியாயத்துல தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்த விஷயத்தில் நாற்பது விதிகளும் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கம் முகம் மழித்துக்கொண்டிருந்த மாமா, கத்தியைத் துடைத்தபடியே, "பேஜாரு புடிச்ச பொண்ணு. ஏதாச்சும் ஆயிடப்போவுது, வூட்டுக்கு அனுப்புடா அவள" என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரெண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாமா சொன்னபடியே அவளை வீட்டுக்கு அனுப்பினேன், கல்யாணமும் பண்ணிவைத்தேன். அனுப்பிய பிறகுதான் சங்கடமே. வீட்டில் அவள் என்ன செய்வாள்? எழுதத் தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினால், எதிரே அக்கா உட்கார்ந்து சொப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மதராஸிலும் மதுரையிலும் இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள். பெங்களூரில் எங்களுக்குச் சொப்பு என்றால் கீரை. கன்னடத்திலிருந்து எப்போது எங்கள் வாய்க்குள் நுழைந்ததோ, தெரியாது. என் தாத்தா காலத்திலேயே அது எங்கள் வீட்டு வார்த்தை. மெந்திய சொப்பு, அதாவது உங்கள் வெந்தயக்கீரை, சப்சிகெ சொப்பு, தண்டு சொப்பு. கீரை என்ற வார்த்தை தெரியாதா என்றால், தெரியும். எங்களுக்குக் கீரை என்பது சொப்பில் ஒரு ரகம், அவ்வளவுதான். பெண் குழந்தைகள் வைத்து விளையாடுகிற குட்டிப் பானை சட்டிக்கு உங்கள் ஊரில் சொப்பு என்று பெயர் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அதை நாங்கள் ஆட்டச் சாமான் என்போம்.

அக்கா செய்ததை அப்படியே எழுதினேன். கதாநாயகி தினமும் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். ஒரு கடை விடாமல் சொப்பு பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். தண்ணீர் தெளித்து, வெயில் படாத மூலையில் வைத்து, ஈரத்துணியால் பதமாக மூடுகிறாள். சாயங்காலம் புருஷன் வந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் சொப்புதானா?" என்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. இது மாமா வாரத்தில் ஐந்து நாள் கேட்கிற கேள்வி. அக்கா பதில் சொல்லாததற்கும் காரணம் வேறொன்றுமில்லை. பதில் சொன்னால், நாளைக்குக் கறி எடுக்கலாமா என்று மாமா ஆரம்பித்துவிடுவார்.

அவளுக்குக் குழந்தை உண்டா, இல்லையா? அதை எழுதும் இடம் வந்தபோது பேனா நின்றது. உண்டு என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று எழுதத் தைரியம் வரவில்லை, நாளைக்கு அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமே. எனவே அந்த இடத்தைப் பூனை மாதிரி தாண்டிக் குதித்து, அடுத்த பாராவுக்குப் போய்விட்டேன்.

வாசித்துக் காட்டினேன். அக்கா முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

"இது நான்தானேடா?"

"இல்லக்கா, இவ வேற."

"போடா, எனக்குத் தெரியாதா? நான்தான்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "சரி, எழுதிக்கோ. தப்பா மட்டும் ஏதும் எழுதிடாதே. நாலு பேரு படிக்கறது. ஆமா, வெறும் சொப்புன்னு போட்டிருக்கியே, மெந்தியமா, தண்டா? பேரு போடுடா."

நான் போடவில்லை. பேரெல்லாம் போட்டால் சமையல் புத்தகம் மாதிரி ஆகிவிடும், இலக்கியத்துக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். யோசனை கேட்டு வருகிறவர்களே, பேனாவை எடுத்து இதை எழுதிக்கொள்ளுங்கள்: பேரைப் போடுங்கள். மெந்தியம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்திருக்காது.

ஏரிக்கரை அத்தியாயத்தையும் விட மனசில்லாமல் சேர்த்துக் கட்டி, மதராஸில் ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து ஆசிரியரே கைப்பட எழுதிய கடிதம் வந்தது. ஆபீஸில் வைத்துப் படித்தேன்.

ஏரிக்கரையை நீக்கிவிட்டதாக முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். மீதியைத் தொடராகப் போடுகிறாராம். "அந்தச் சொப்பு!" என்று தனி வரியில் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார். "மகப்பேறில்லாத ஒரு பெண் தினந்தோறும் சந்தைக்குச் சென்று சொப்பு வாங்கி வருகிறாள். மடியில் வைத்துப் பார்க்கிறாள். குழந்தையைப் போர்த்துவதுபோல் துணியால் மூடுகிறாள். 'இன்னைக்கும் சொப்புதானா?' என்று கணவன் கேட்கையில் மௌனம் சாதிக்கிறாள். அவளுக்குக் குழந்தையில்லை என்று தாங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஐயா, இதுவன்றோ கலை! என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணீர் விட்டாள்." அதற்குக் கீழே ரெண்டு குறிப்பு. "'சொப்பு சமைத்தாள்' என்று ஓரிடத்தில் அவசரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஓர் 'இல்' விட்டுப்போயிருக்கிறது. 'சொப்பில் சமைத்தாள்' எனத் திருத்தியுள்ளோம். மேலும், கணவன் 'தண்டுக்குப் போனான்' என்பது விளங்கவில்லை. எந்தத் தண்டு? வாழைத்தண்டா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கீரை வாங்கினால் குழந்தை இல்லை என்று எப்படித் தெரியும்? மதராஸில் குழந்தை இல்லாதவர்கள் மட்டும்தான் கீரை சாப்பிடுவார்களோ? கீரை வாங்குவதைக் கேட்டு ஒரு அம்மாள் ஏன் அழவேண்டும்? நாள் முழுக்க இதே யோசனை. டைப் அடித்த கடிதத்தில் ஒரு கர்னலை எடுபிடி லஸ்கராக மாற்றிவிட்டு, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு அப்போதுதான் ஒரு குடும்பம் மதராஸிலிருந்து வந்திருந்தது. வீட்டுக்காரருக்குத் தபாலாபீஸில் வேலை. அந்த அம்மாளுக்கு எங்கள் தமிழைக் கேட்டாலே சிரிப்பு வரும். சாயங்காலம் அவர் வாசலில் நின்றபோது மெதுவாகப் போய், "ஏங்க, உங்க ஊர்ல சொப்புன்னா என்னாங்க?" என்றேன்.

"சொப்பா? பொம்பளப் புள்ளைங்க வெச்சி வெளையாடுமே, மரத்துல, மண்ணுல, சின்னச் சின்னதா சட்டி பானை. ஏன் தம்பி, யாருக்கு வாங்கணும்?"

அடப்பாவி! என் கதாநாயகி மெந்தியக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மதராஸில் ஒரு அம்மாள் அதைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார்.

ஆசிரியர்கள் புரியாத வார்த்தையைத்தான் கேட்பார்கள். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்ட வார்த்தையைக் கேட்கவே மாட்டார்கள். அது அவர் குற்றமல்ல. என் குற்றம் அதற்குப் பிறகு வருகிறது. அன்றைக்கே ஒரு தபால் அட்டையில், 'ஐயா, அது கீரை' என்று எழுதிப் போட்டிருந்தால் தீர்ந்தது. எழுத உட்கார்ந்தேன். உட்காருமுன் ஆசிரியர் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். 'இதுவன்றோ கலை' என்ற இடத்தை மட்டும் நாலு தரம் படித்தேன். ஒருவேளை எனக்கே தெரியாமல் உள்ளுக்குள்ளிருந்து வந்த கலையாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஐந்தாம் தரம் படித்தபோது சந்தேகம் போய்விட்டது. கலையேதான். கடைசியில் நான் எழுதிய பதில் இது: "தங்கள் நுட்பமான வாசிப்புக்கு என் வணக்கம். தண்டு என்பது பெங்களூரில் பட்டாளம் இருக்கும் பகுதி." தண்டை விளக்கினேன். சொப்பை விளக்கவில்லை.

அதோடு விட்டேனா? இரண்டாம் பகுதியை அவர் எதிர்பார்த்தபடியே எழுதினேன். இப்போது தெரிந்தே எழுதினேன். கதாநாயகி மரச்சொப்பு வாங்கினாள், மண்சொப்பு வாங்கினாள், அவற்றுக்கு ஒரு பெட்டி வாங்கினாள், பெட்டியைத் திறந்து பார்த்து நாலு பக்கத்துக்கு அழுதாள். என் அக்கா அப்படி அழுது நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் என்ன, நாற்பது விதிகள் இருக்கின்றனவே! ஞாயிற்றுக்கிழமை அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "மீதியப் படிடா" என்றாள். "ஆபீஸ்லயே எழுதி அனுப்பிட்டேன்க்கா" என்றேன். அக்காவிடம் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல. ஆனால் சொன்ன பிறகு சோறு இறங்காமல் போன முதல் பொய் அது.

முதல் பகுதி வெளியானது. பத்திரிகையை ஆபீஸில் பிரித்தேன். ஒரு முழுப்பக்கப் படம். தலைமுடி கலைந்த ஒரு பெண், மடி நிறையக் குட்டிச் சட்டி பானை, கன்னத்தில் இட்லி அளவுக்கு ஒரு கண்ணீர்த்துளி. பக்கத்தில் மீசை வைத்த புருஷன் ராட்சசன் மாதிரி நிற்கிறான். மாமாவுக்கு மீசையே கிடையாது. படத்துக்குக் கீழே, 'பிள்ளைக்கலி தீராத பேதை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் என்னை அறியாதவர் இல்லை. நான் யார் வீட்டில் சாப்பிடுகிறேன் என்பதையும் அறியாதவர் இல்லை. கதையில் வருகிறவள் யார் என்று அவர்களுக்கு விளக்கவா வேண்டும்? "தப்பா மட்டும் ஏதும் எழுதிடாதே" என்று அக்கா கேட்டது அந்த ஒன்றைத்தான். பத்திரிகையை ஆபீஸ் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, அவள் கண்ணில் மட்டும் இது பட்டுவிடக்கூடாதே என்று எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

பூட்டி என்ன பிரயோஜனம்? என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று பக்கத்து வீட்டு மதராஸ் அம்மாளிடம் நானே ஏற்கெனவே பெருமை அடித்திருந்தேன். அவர் தன் தம்பிக்கு எழுதி ஒரு பிரதி வரவழைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஆபீஸிலிருந்து வந்தால், அக்கா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்தப் பத்திரிகை. படம் இருந்த பக்கம் திறந்திருக்கிறது. மாமா அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வூட்டம்மா வந்தாங்க" என்றாள் அக்கா. "என் கையப் புடிச்சிகிட்டு அழுதாங்க. 'உங்க மனசு தெரியாம போச்சே'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. குடுத்துட்டுப் போனாங்க. மத்தியானத்துலேர்ந்து படிக்கறேன்." விரலால் படத்தைத் தொட்டாள். "இது யாருடா?"

நான் கடகடவென்று ஒப்பித்தேன். நான் எழுதியது கீரைதான், உன் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுகிறேன், மதராஸில் சொப்பு என்றால் ஆட்டச் சாமானாம், பத்திரிகை ஆசிரியர் அப்படிப் புரிந்துகொண்டுவிட்டார், அதைக் கேட்டு அவர் மனைவிகூட அழுதாராம், 'சொப்பு சமைத்தாள்' என்று நான் எழுதியதைச் 'சொப்பில் சமைத்தாள்' என்று திருத்திவிட்டார். மூச்சு விடாமல் சொன்னேன்.

வாசற்படியிலிருந்து மாமா வெடித்துச் சிரித்தார். "அடேய்! அப்ப நான் தெனம் 'இன்னைக்கும் சொப்புதானா'ன்னு கேட்டதுக்கு, மெட்ராஸ் பூரா என்னைத் திட்டியிருக்குமே! ஒரு மெந்திய சொப்புக் கொழம்புக்கா எனக்கு இவ்ளோ கெட்ட பேரு?"

அக்காவும் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். அப்பாடா, தப்பித்தேன் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். மாமா சிரித்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, "கடை வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை.

"அவரு தப்பா படிச்சாருன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் அக்கா.

"ரெண்டு மாசமா."

"மீதியும் தெரிஞ்சேதான் எழுதினியா? அதான் எனக்குப் படிச்சுக் காட்டலியா?"

"ஆமாக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கே எழுதி நிறுத்திடறேன். தப்புதான்க்கா. நாலு பேரு முன்னாடி உன்ன இப்படி ஆக்கிட்டேன்."

சொன்னபடி மறுநாள் ஆசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு தபால் அட்டையில் ஒரே வார்த்தை பதிலாக வந்தது: "கீரையா?" ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்த பகுதியோடு தொடர் நின்றது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டு எத்தனையோ வாசகர்கள் எழுதினார்களாம். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அக்கா என் மன்னிப்பைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள இல்லேன்னு நீ எழுதவே இல்லியேடா" என்றாள். "மத்தியானத்துலேர்ந்து தேடித் தேடிப் படிச்சேன். ஒரு எடத்துலயும் இல்ல. பொறகு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவருக்குத் தெரியாதுக்கா. தப்பாப் புரிஞ்சுகிட்டாரு, அவ்ளோதான்."

"தப்பாப் புரிஞ்சுகிட்ட மனுஷனுக்கே தெரிஞ்சிருக்கு. என் மூஞ்சியக்கூடப் பாக்காதவரு. அவரு பொஞ்சாதி எனக்காக அழுதிருக்காங்க." அவள் குரல் உயரவே இல்லை. "பன்னெண்டு வருஷமா என் கையால சாப்பிடறே. கூடைய எப்படித் தூக்கறேன், துணிய எப்படிப் போடறேன், எல்லாம் பாத்துப் பாத்து எழுதியிருக்கே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு எப்படிக்கா இருக்குன்னு என்னக் கேட்டிருக்கியாடா நீ?"

"கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"எனக்கா? உனக்கா?"

எனக்குத்தான். பன்னிரண்டு வருஷமும் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சொல்லுக்கா" என்றேன். நாவலாசிரியனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

அவள் சொன்னாள். அழவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்த சமாசாரம் மாதிரி வரிசையாகச் சொன்னாள். ரெண்டு தடவை வயிற்றில் தங்கியதாம், ரெண்டும் நிற்கவில்லையாம். முதலாவது, கல்யாணமாகி வந்த புதிதில், நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்னால். ரெண்டாவது, நான் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதப் போன அன்றைக்கு.

"காலையிலேயே வலி எடுத்துடுச்சு. உன்கிட்ட சொன்னா பரீட்சை கெட்டுடும்னு சொல்லல. உனக்குச் சோறு கட்டிக் குடுத்து, நீ தெருமுனை திரும்பறவரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் மாமாவ ஜட்கா கூப்பிடச் சொன்னேன். ஆஸ்பத்திரில இருன்னுதான் சொன்னாங்க. நீ வந்து தேடுவியேன்னு சாயங்காலமே வந்துட்டேன்."

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். "நல்லா எழுதினியாடா?" என்று அக்கா கேட்டாள். "ஜாமெட்ரியில ஒரு கேள்வி விட்டுப்போச்சுக்கா" என்றேன். "பரவால்ல, உடு" என்றாள். எந்தக் கேள்வி விட்டுப்போனது என்றுகூட இன்றைக்குச் சொல்வேன். ரெண்டு வட்டங்கள், பொதுவாக ஒரு தொடுகோடு. ஆனால் அப்படிக் கேட்டபோது அவள் உட்கார்ந்திருந்தாளா, படுத்திருந்தாளா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.